தெருவுக்கே பல் தேய்த்துவிட்டவளுக்கு

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு பல் ஆஸ்பத்திரி திறந்திருக்கிறார்கள். அங்கே இருக்கும் டாக்டருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. என் வாயைத் திறக்கச் சொல்லி, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பதினோரு பல்லு இருக்குது ஆயா. இருக்கிறதயாவது காப்பாத்திக்குங்க" என்றான். அப்புறம் மேஜை மேலிருந்த வெள்ளை டப்பியைத் திறந்து ஒரு முழம் நூலை உருவினான். இரண்டு கை நடுவிரலிலும் சுற்றிக்கொண்டு, கட்டைவிரலால் இழுத்துப் பிடித்து, எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தான்.

"பல்ல அணைச்சாப்புல இழுக்கணும் ஆயா. ஈற அறுத்துடக் கூடாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அது உன் வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை. அந்தப் பையன் அதோடு விட்டானா? "இதெல்லாம் இப்பதான் வந்துது, உங்க காலத்துல ஏது" என்று வேறு சொன்னான். நான் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்ததால் அவன் தப்பித்தான்.

நான் இப்போது இருக்கும் செவிலிமேட்டு வீட்டுக்கு வந்து, அவன் கொடுத்தனுப்பிய டப்பியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனேன். புதினா வாசனை. நீ கல்யாணமாகி வந்தபோது உன் பெட்டியில் இருந்த பேஸ்ட்டின் வாசனையும் இதுதான். நீ செத்து இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. அதற்குள் ஒரு டப்பிக்குள் புகுந்துகொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாய். உயிரோடு இருந்தபோது ஒரு தடவைகூட இந்த வாசற்படி ஏறாதவள்.

கடிதம் எழுதும் அளவுக்கு நமக்குள் எந்தக் காலத்திலும் பிரியம் இருந்ததில்லை. நீ என் கொழுந்தனாரின் பெண்டாட்டி. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு மூன்று வருடம் ஒரே அடுப்பில் சமைத்தோம். அதற்கப்புறம் ஐம்பது வருடத்துக்கு மேல், கல்யாணத்திலும் சாவிலும் பார்த்தால் நீ தலையை ஆட்டுவாய், நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வேன். அவ்வளவுதான் நம் பேச்சு. நான் எட்டாவது வரை படித்தவள். உன்னளவுக்கு எழுத வராது. இருந்தாலும் நேற்று வசந்தா வந்து சொல்லிவிட்டுப் போனதிலிருந்து எனக்குத் தூக்கமும் இல்லை, சோறும் இறங்கவில்லை. யாரிடமாவது சண்டை போட்டாக வேண்டும். உன்னைத் தவிர அதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

நீ வந்தது அறுபத்தேழில் இருக்கும். சின்ன காஞ்சிபுரத்தில் நம் வீட்டில் அப்போது இரண்டு தறி ஓடியது. ஒன்றில் என் வீட்டுக்காரர், ஒன்றில் உன் வீட்டுக்காரர். நான் தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குக் குச்சியில் நூல் ஏற்றித் தார் சுற்றுவேன், அறுந்த இழையை எடுத்துக் கொடுப்பேன், நேரம் கிடைத்தால் சமைப்பேன். நீ வருவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே மாமியார் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார், மெட்ராஸ் பெண், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்று. நான் வந்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை.

வந்த மறுநாள் காலையில் நீ கிணற்றடிக்கு ஒரு சோப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு போனாய். அதைத் திறந்தால் உள்ளே சோப்பு இல்லை, பிரஷ் இருந்தது. நாங்கள் எல்லாரும் உமிக்கரி. தீபாவளி, பொங்கல் என்றால் ரோஸ் கலர் பல்பொடி. நீ குத்துக்காலிட்டு உட்கார்ந்து நுரை தள்ளத் தேய்ப்பதை, ஐந்து வயது வசந்தா சர்க்கஸ் பார்ப்பதுபோல் பார்த்தாள். உள்ளே ஓடி வந்து, "அம்மா, சித்தி வாயிக்கு சோப்பு போட்டுக்கினு இருக்காங்க!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். நீ செய்த ஒரு காரியத்துக்கு நான் சிரித்தது அதுதான் முதலும் கடைசியும்.

ஒரு வாரத்தில் என் பெண்ணைப் பிடித்துக்கொண்டாய். பத்து நாளில் எதிர்வீட்டுப் பிள்ளைகள். ஒரு மாதத்தில் தெருவில் பால்பல் இருக்கிற அத்தனையும் காலையில் நம் வாசலில் வந்து நின்றது. உனக்கு என்ன தலையெழுத்து என்று கேட்டேன். "எங்கப்பா பல் டாக்டர்கிட்ட கம்பவுண்டர்க்கா. சின்னப் புள்ளைங்கள தூக்கிக்கினு வருவாங்க, அதுங்க கத்தறத கேட்டுக்கினேதான் நான் வளந்தேன். ஒண்ணு ரெண்டாவது கத்தாம இருக்கட்டுமே" என்றாய். இப்படித்தான் நீ பேசுவாய். எதிர்த்துப் பேசுகிறவளைக் கெட்டவளாக்கிவிடுகிற பேச்சு.

விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பட்டு இழை விறைத்து நிற்கும். அதன் மேல் ஒரு துளி எச்சில் தெறித்தால் ஆண்கள் ஆடித் தீர்த்துவிடுவார்கள். நீ என்ன செய்தாய்? பிள்ளைகளைச் சாக்கடை ஓரமாக, பாவுக்கு முதுகைக் காட்டி வரிசையாக உட்காரவைத்தாய். பிரஷ் இருந்தவர்கள் மூன்று பேர்தான். மற்றவர்களுக்கு விரலும் பல்பொடியும். குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டு அதட்டுவாய்.

"குறுக்கால தேய்க்காதபா! பல்லு இன்னா தறியா, நாடா ஓட்டறதுக்கு? பாவு மாதிரி நெடுக்கால தேய். மேல்பல்ல மேலருந்து கீழ. கீழ்பல்ல கீழருந்து மேல."

வந்து ஒரு வருடம் ஆகவில்லை, எங்கள் தொழிலின் வார்த்தையை எடுத்து எங்கள் பிள்ளைகளுக்கே பாடம் சொன்னாய். பாவு நீட்டிக்கொண்டிருந்த ஆண்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது அதைச் சொல்லிக் காட்டிச் சிரித்தார். நான் ஏழு வருடமாக அந்த வீட்டில் தார் சுற்றினேன். நான் சொன்ன எதையும் யாரும் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துச் சொல்லிச் சிரித்ததில்லை.

அதோடு நின்றாயா? ராத்திரி சாப்பிட்டதும் இன்னொரு தடவை தேய்க்க வேண்டும் என்றாய். கமர்கட்டு தின்றால் வாயைக் கொப்பளிக்க வேண்டும் என்றாய். முனைக் கடையில் கமர்கட்டு விற்றுக்கொண்டிருந்த பாய், "இன்னாம்மா, என் பொழப்புல மண்ண போடறீங்களே" என்று உன்னிடம் நேராகவே கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "விக்கிறத வித்துக்குங்க பாய், கூடவே ஒரு சொம்பு தண்ணியும் வையுங்க" என்றாய். அந்த மனுஷன் வைத்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. உன் பேச்சைக் கேட்க ஊரில் எல்லாருக்கும் ஒரு சொம்பு தண்ணீர் இருந்தது.

இதில் என்னை இழுத்தது வேறு கதை. நூல் கடித்துக் கடித்து என் முன்பல்லில் ஒரு தடம் விழுந்திருந்தது. தறி வீட்டில் பாதிப் பெண்களுக்கு அப்படித்தான். கத்தரி தேட நேரம் இருக்காது, பல்தான் கத்தரி. நீ ஒருநாள் பிள்ளைகளிடம், "பெரியம்மா பல்ல பாருங்க. நூல கடிச்சா இப்டித்தான் ஆவும். யாரும் கடிக்கக் கூடாது, சரியா?" என்றாய். பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் என் வாயைப் பார்த்தார்கள். வசந்தாவும் பார்த்தாள். நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்கு அன்றைக்கே தெரியும். கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் பரவாயில்லை, திருப்பிக் கொடுத்திருப்பேன்.

அப்புறம்தான் நூல் வந்தது. பிரஷ் போகாத இடுக்கில் நூலை விட்டு எடுக்க வேண்டும் என்றாய். உன் அப்பா வேலை செய்த டாக்டர் அப்படித்தான் செய்வாராம். தறிக்கடியில் விழும் சாயம் ஏறாத வெள்ளைப் பட்டு இழைகளைப் பொறுக்கி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, ஒரு பவுடர் டப்பாவில் சுற்றி வைத்தாய். ஆளுக்கு ஒரு முழம். ஒருமுறை போட்டது அடுப்புக்குப் போக வேண்டும். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு விரலில் நூலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க, தெருவில் போகிறவர்கள் நின்றுவிட்டுப் போனார்கள்.

மாமியாருக்கு அன்றைக்குத்தான் உன் மேல் முதன்முதலாகக் கோபம் வந்தது. தாயாருக்குச் சாத்துகிற புடவை அப்போது தறியில் இருந்தது. "பெருமாள் கோயிலுக்குப் போற பொடவ தறில ஏறியிருக்குது. எச்ச நூல வூட்டுக்குள்ள வெச்சிக்கினு இன்னாம்மா இது கூத்து?" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. இன்றோடு இவள் ஆட்டம் முடிந்தது என்று நினைத்தேன். நீ குரலை உயர்த்தவே இல்லை.

"இழை அறுந்தா அக்கா பல்லால கடிக்கிறாங்களே அத்தை, அது எச்சில் இல்லியா? கடிச்சா ஆவுது, சுத்தம் பண்ணாதான் ஆவாதா?"

மாமியார் என்னைப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். மறுபடியும் என் பல்லை வைத்தே நீ ஜெயித்தாய். அன்றிலிருந்து தாயார் புடவை தறியில் இருக்கும்போது நான் கத்தரியைத் தேடி எடுத்துத்தான் வெட்ட வேண்டும் என்று ஆயிற்று.

இதையெல்லாம்கூட நான் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது ஒன்று நடந்தது. வசந்தாவுக்கு முதல் பல் விழுந்தது. அது விழுந்தால் சாணியில் உருட்டிக் கூரை மேல் போடுவோம், புதுப்பல் நன்றாக முளைக்கும் என்று. எனக்கு என் அம்மா போட்டார். என் பெண்ணுக்கு நான் போட வேண்டும் என்று, அந்தப் பல் ஆட ஆரம்பித்த நாளிலிருந்து காத்திருந்தேன். ஒரு மத்தியானம் அவள் வந்து ஈயென்று காட்டினாள். ஓட்டை. "பல்லு எங்கடி?" என்றேன். "சித்தியும் நானும் கூரை மேல போட்டுட்டோம்மா, ஒரே வீச்சுல!" என்றாள். நான் உள்ளேதான் இருந்தேன். பத்தடி தூரம். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன். நீயும் கூப்பிடவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு நான் தார்ப்பெட்டி முன்னால் உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை. உனக்குப் பிள்ளை இல்லை என்பதற்காக என் பிள்ளையை எடுத்துக்கொள்ள உனக்கு யார் உரிமை கொடுத்தார்கள் என்று மனதுக்குள் கேட்டேன். அந்த வார்த்தை அப்போதே என் வாய்க்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் சாகும் வரைக்கும் அவரிடம்கூடச் சொல்லவில்லை. பெருமாளிடம் பாதி சொல்லியிருக்கிறேன்.

நீ மெட்ராஸுக்குப் போயிருந்தாய், லேடி டாக்டரைப் பார்க்க. எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. மூன்று நாள். போகும்போது அவசரத்தில் பவுடர் டப்பாவை உன் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டாய். வசந்தாவிடம், "ஒருநாள்கூட உடக் கூடாது, அம்மாகிட்ட நூலு கேட்டு வாங்கிக்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாய். விளக்கு வைத்து, சாப்பாடு முடிந்திருந்தது. நான் ஜரிகை சுற்றிக்கொண்டிருந்தேன். வசந்தா வந்து நின்றாள்.

"அம்மா, நூலு குடும்மா. சித்தி குடுக்கிற வெள்ள நூலு."

வெள்ளை நூல் இருந்தது. எழுந்து தறிக்கடியில் குனிந்தால் கிடைத்திருக்கும். நான் என் கையில் இருந்ததைப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. அவள் வெள்ளை நூல் கொடுக்கிறாளா, நான் தங்கமே கொடுக்கிறேன் என்று தோன்றியது. சத்தியமாக இதுதான் தோன்றியது, வேறு எதுவும் இல்லை. ஒரு முழம் வெட்டிக் கொடுத்து, "இந்தா, உன் சித்தியாண்ட இது இருக்குதா கேளு" என்றேன்.

வசந்தாவின் முகம் இருந்ததே! ஜரிகையைப் பிள்ளைகள் தொட்டாலே அடி விழும் வீடு அது. அதை வாயில் போட்டுக்கொள்ள அம்மாவே வெட்டித் தருகிறாள். "நெஜமாவா?" என்று கேட்டு, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள். நீ அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் தானாக வந்து எனக்குக் கொடுத்த முத்தம் அது ஒன்றுதான்.

எனக்கு ஜரிகை தெரியாதா? பட்டு இழைமேல் வெள்ளித் தகட்டைச் சுற்றித் தங்க முலாம் பூசியிருக்கும். சுற்றிச் சுற்றி என் விரல்களிலேயே கீறல் ஆறாமல் கிடந்தது. காய்ப்பேறிய விரலைக் கீறுவது குழந்தையின் ஈறை என்ன செய்யும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. முத்தம் கிடைத்த சந்தோஷத்தில் மீதி ஜரிகையைச் சுற்றி முடித்தேன்.

பின்பல் இடுக்கில் இழுத்திருக்கிறாள். அறுத்துக்கொண்டு போய் உள்ளேயே ஒரு துண்டு முறிந்து நின்றுவிட்டது. ரத்தம் வந்ததைச் சொல்லவில்லை. ஜரிகையைப் பாழாக்கியதற்கு அடிப்பேன் என்று பயந்திருப்பாள். மறுநாள் சோறு வேண்டாம் என்றாள். அதற்கு மறுநாள் கன்னம் பந்துபோல் வீங்கிவிட்டது, உடம்பு கொதித்தது, வாயைத் திறக்க முடியவில்லை. நான் உப்பு ஒத்தடம் கொடுத்தேன். மாமியார் மஞ்சளை அரைத்துப் போட்டார். நீ மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாய். பையைக்கூடக் கீழே வைக்காமல் குழந்தையின் தாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரிக்‌ஷா கூப்பிடுங்க, எந்திரிங்க" என்று ஒரு கத்துக் கத்தினாய். நீ கத்தி நான் கேட்டது அது ஒருமுறைதான்.

ஆஸ்பத்திரியில் தாடைக்கு அடியில் கீறிச் சீழ் எடுத்தார்கள். இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள். ஒன்று பால்பல், ஒன்று அப்போதுதான் முளைத்திருந்த கடைவாய்ப்பல், இனி முளைக்காதது. இன்னும் ஒருநாள் விட்டிருந்தால் மூச்சுக்குழாய் அடைத்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். இடுக்கியில் எதையோ எடுத்துத் தட்டில் வைத்து, "என்ன இது, கம்பியா?" என்றார். நம் ஊரில் அதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தட்டில் கிடந்து மின்னியது.

என் வீட்டுக்காரர் உன் பக்கம் திரும்பினார். "இதான் நீ சொல்லிக் குடுத்த பாடமாம்மா?" என்றார். "இல்ல மாமா, நான் வெள்ள நூலுதான்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாய். மெலிசான நூலாக எடு என்று பிள்ளைகளிடம் சொன்னது நீதானே? குழந்தையே ஜரிகையை எடுத்துக்கொண்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். நீயும் அப்படித்தான் நினைத்தாய், அது உன் முகத்தில் தெரிந்தது. நான் அங்கேயே நின்றேன். என் வாயும் திறக்கவில்லை. வசந்தாவுக்காவது வீக்கம்.

ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் மாறி மாறி இருந்தோம். நான் குளித்துச் சமைத்துவிட்டு வரும் வரைக்கும் நீ உட்கார்ந்திருப்பாய். ஆறாம் நாள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அடுத்த நாள் காலை தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம். எல்லாப் பெண்களும் குடத்தோடு நின்றார்கள். எதிர்வீட்டு சரோஜா என்னிடம், "ஜரிக எப்டி புள்ள கைக்கு போச்சு? நீதான சுத்திக்கினு இருப்ப?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். நீ மூன்றாவது ஆளாக நின்றிருந்தாய். நான் உன் பக்கம் திரும்பினேன்.

"பெத்தாதானடி தெரியும் புள்ள அரும! மலடிக்கு ஊரு புள்ளைங்க வாயில இன்னாடி வேல? உனுக்கு ஒண்ணும் இல்லன்னு என்னுத கொல்ல பாத்தியா?"

அதற்கு மேலும் சொன்னேன். எழுதவில்லை. உனக்குத் தெரியும். லேடி டாக்டர் என்ன சொல்லி அனுப்பினாள் என்றும் கேட்டேன், அவ்வளவு பேர் முன்னால். கோபத்தில் கத்தியதாகத்தான் தெரு நினைத்தது. கோபமில்லை, பயம். நீ என்னை நேராகப் பார்த்தாய். உன் உதடு ஒருமுறை அசைந்தது. பிறகு நிரம்பாத குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாய்.

மறுநாள் சாக்கடை ஓரத்தில் ஒரு குழந்தையும் இல்லை. நீ வாசலில் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனாய். இரண்டு மாதத்தில் உன் வீட்டுக்காரர் தன் தறியைப் பிரித்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்குப் போனார். அண்ணன் தம்பி அதற்கப்புறம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. நீ ஏதோ சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஆயாவாகச் சேர்ந்தாய் என்று கேள்விப்பட்டேன். அங்கேயும் ஆரம்பித்துவிட்டாயாம். நான் எதைச் சொல்லி உன்னைத் துரத்தினேனோ அதையே நூறு பிள்ளைகளை வைத்துச் செய்தாய். அதைக் கேட்டு எனக்கு நெஞ்செரிச்சலே வந்தது.

உன் சாவுக்கு வந்தேன். வராமல் இருந்தால் ஊர் பேசும். கூடத்தில் நிற்க இடமில்லை. ஐம்பது வயது, நாற்பது வயது ஆட்கள், யார் யாரோ, உறவு ஒன்றும் கிடையாது. வாயைத் திறந்து அழுதார்கள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அவர்கள் வாயைத்தான் பார்த்தேன். அத்தனை பேருக்கும் நல்ல பல். பெற்றவளுக்கு இப்படி அழ இரண்டு பேர் கிடைப்பது கஷ்டம். நான் அழவில்லை.

நேற்று வசந்தா வந்தாள். அவளுக்கே அறுபது தாண்டிவிட்டது, தாடைக்கடியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு எத்தனை மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனார்கள் என்பது உனக்கும் தெரியும். காபி குடித்துக்கொண்டிருந்தவளிடம் நான் வழக்கம்போல உன்னைத் திட்ட ஆரம்பித்தேன். இன்னுமா அவங்களைத் திட்டுகிறாய் என்று சொல்வாள், எழுந்து போவாள், அதுதான் வழக்கம். நேற்று அவள் எழுந்து போகவில்லை. தம்ளரைக் கீழே வைத்தாள்.

"போதும்மா. ஜரிகைய நீதான் குடுத்த. எனுக்கு ஞாபகம் இருக்குது."

ஜுரத்தில் அவள் மறந்திருப்பாள் என்றுதான் இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் நிறுத்தவில்லை.

"ஆஸ்பத்திரிலயே சித்தியாண்ட சொல்லிட்டேன். வீக்கம் வடிஞ்சி பேச வந்த அன்னிக்கே. நீ கொழாயடில அவங்கள திட்டினியே, அதுக்கு ரெண்டு நாளு முன்னாடி. அம்மாதான் வெட்டி குடுத்துச்சுன்னு சொன்னேன். சித்தி என் வாயப் பொத்திட்டாங்க. 'இத்த யாரு கேட்டாலும் சொல்லாத கண்ணு. சித்தி மேல தப்புன்னு இருந்தா ஒண்ணும் ஆயிடாது. அம்மா குடுத்துதான் இப்டி ஆச்சுன்னு நெனச்சிக்கினே இருந்தா, நாளைக்கு அவங்க போடற சோறு உனுக்கு எறங்காது'ன்னாங்க. சத்தியம் வாங்கிக்கினாங்கம்மா. அவங்க இருக்கிற வரைக்கும் சொல்ல மாட்டேன்னு."

சொல்லிவிட்டு என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவளுக்கு என் மேல் கோபமே இல்லையாம். சின்ன வயதிலேயே போய்விட்டதாம்.

இப்போது சொல். யார் உன்னைக் கேட்டது? நான் உன்னை மலடி என்று கத்தியபோது உனக்கு எல்லாம் தெரியும். உன் உதடு அசைந்ததே, அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் தெரு என்னைக் காறித் துப்பியிருக்கும். என் வீட்டுக்காரர் அடித்திருப்பார். ஒரு வருடம், இரண்டு வருடம் தலைகுனிந்து திரிந்திருப்பேன். அதோடு முடிந்திருக்கும். உன் காலில் விழுந்திருந்தாலும் விழுந்திருப்பேன். நீ குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நான் போட்ட சோற்றை என் பெண் சாப்பிட வேண்டும் என்று, தெருவை விட்டே போய்விட்டாய். அவள் சாப்பிட்டாள். அத்தனை வருடமும் ஒவ்வொரு வேளையும் நீ இட்ட பிச்சைதான் என் வீட்டில் வெந்தது, எனக்குத் தெரியாமல். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, நான் கேட்காமலே, என்னை மன்னித்து மூலையில் வைத்துவிட்டீர்கள்.

உன்னை எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. இதைப் படித்துவிட்டு நீ சிரிப்பாய் என்று நினைத்தால் இன்னும் எரிகிறது. இன்று காலையில் சரோஜாவுக்குப் போன் போட்டேன். அந்தக் குழாயடியில் நின்றவர்களில் அவள் ஒருத்திதான் மிச்சம். காது சரியாகக் கேட்காது. "ஜரிகைய நான்தான் குடுத்தேன்" என்று மூன்று தடவை கத்திச் சொன்னேன். "எந்த ஜரிகமா? யாருக்கு?" என்றாள். அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. உன்னையே சரியாக நினைவில்லை.

அன்றைக்கு உன்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை நினைவிருக்கிற ஆள் இந்த உலகத்தில் இனி நான் மட்டும்தான். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்றால் உன் முகத்தைப் பார்த்துத்தான் வாங்க முடியும். நீ எழுந்து போய்விட்டாய், எப்போதும்போல ஒன்றும் சொல்லாமல்.